குரல் கொடுத்துவிட்டுப் போ

வாயாடி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஆனால் பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சுற்றுமுற்றும் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகப் பாதி நாள் பெஞ்சுமேல் நின்றவள். துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களிடம் துணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி, முதல் மாதமே வீட்டுக்குத் திரும்பியவள். தூக்கத்தில்கூட இவள் உதடு அசைகிறது என்று அவளுடைய அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள். இப்படிப்பட்டவளை, வாயே திறக்காத ஓர் ஆளாகப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். பொருத்தம் பார்த்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அவள் கணவர் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். ஊரைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் கிளப் ஒன்று இருந்தது. தகரக் கூரை, நடுவில் நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்த கொட்டடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை. சாணமும் ஈர வைக்கோலும் தோல் எண்ணெயும் கலந்த நாற்றம். கல்யாணமான புதிதில் அந்த நாற்றத்தோடு அவர் வீட்டுக்குள் வரும்போது அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பிறகு அவளுக்கும் அதே நாற்றம் வந்துவிட்டது. லாயத்தில் ஆள் போதாமல் போனபோது மேனேஜர் அவளையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

முதல் நாள் அவர்தான் அவளை உள்ளே கூட்டிப்போனார். அன்று அவர் பேசியதுதான் அவர் வாழ்நாளிலேயே பேசிய நீளமான பேச்சு. அவள் அதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

"குதிரைக்கு நெத்திக்கு நேரா எதிர்ல நிக்கறதும் தெரியாது, வாலுக்குப் பின்னாடி நிக்கறதும் தெரியாது. அதனால தோள் பக்கமா வா. வர்றதுக்கு முன்னாடி குரல் கொடு. வர்றது யாருன்னு அதுக்குத் தெரிஞ்சா ஒண்ணும் பண்ணாது. தெரியலைன்னா முதல்ல உதைக்கும், அப்புறம்தான் யாருன்னு திரும்பிப் பாக்கும்."

"உதைச்சப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?"

"அதைத்தான் சொல்றேன். பின்பக்கமா சுத்திப் போகணும்னா, மேல கையை வெச்சுக்கிட்டு ஒட்டி உரசிக்கிட்டுப் போ. இல்லையா, கால் எட்டாத தூரத்துல போ. நடுவாந்திரமா மட்டும் நிக்காத. உதை முழுசா விழற இடம் அதுதான். கயித்தைக் கையில சுத்திக்காத, இழுத்துக்கிட்டு ஓடும். காது பின்னால மடிஞ்சுதுன்னா வெளிய வந்துடு."

"பேச்சை நிறுத்திடணுமா?"

"பேச்சை நிறுத்தாத. நீ மட்டும் வெளிய வா."

உலகத்திலேயே தன்னைப் பேசச் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வெளிக்கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். ராத்திரி கொசு கடித்தது, பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்தது, மகள் போனில் அழுதது, எல்லாவற்றையும் குதிரைகளிடம் சொல்லிக்கொண்டே நடப்பாள். அவள் முகம் தெரிவதற்கு முன்பே கொட்டடிகளில் காதுகள் திரும்பும். அந்த லாயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் உண்டு. லாடம் அடிக்க வருகிறவன் விசில் அடிப்பான். தண்ணீர் பிடிப்பவர் நாக்கைச் சொடுக்குவார். அவளுடைய கணவருக்கு ஒரே ஒரு சொல்தான். கொட்டடிக் கதவில் கை வைப்பதற்கு முன், அடித்தொண்டையில், யாரோ உறங்குகிற வீட்டுக்குள் நுழைவதுபோல, "நான்தான்" என்பார். கொஞ்சம் விட்டு, "நான்தான்டா." அவ்வளவுதான். குதிரை தலையைத் திருப்பும். அவர் உள்ளே போவார்.

வீட்டில் அந்த ஒரு சொல்லும் கிடையாது. நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்புறம் வாரக்கணக்கில் அந்த முதுகோடுதான் அவள் குடும்பம் நடத்த வேண்டும். கல்லுளிமங்கன் என்று திட்டிப் பார்ப்பாள், கெஞ்சிப் பார்ப்பாள். "ஒரு வார்த்தை பேசினா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று அந்த முதுகைப் பார்த்துக் கேட்காத நாள் இல்லை. கடைசியில் எப்போதும் அவள்தான் இறங்கிப் போவாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் பேச அவளை விட்டால் ரேடியோதான் இருந்தது.

அவருடைய பேச்சு முழுவதும் சாம்பலுக்குத்தான். சாம்பல் ஒரு பெட்டைக் குதிரை. பேருக்கேற்ற நிறம், வயதாகி முகத்தில் வெள்ளை ஏறிவிட்டது. இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல் ஒரு படலம். அந்தப் பக்கம் அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். எந்தப் பிள்ளையும் முதன்முதலில் ஏறி உட்கார்வது சாம்பல்மேல்தான், அவ்வளவு சாது. அவர் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனால் அது தலையைத் தாழ்த்தி அவர் மார்பில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். அவரும் நிற்பார். இரண்டு பேரும் அப்படியே நிற்பதை வாயாடி பலமுறை பார்த்திருக்கிறாள். பொறாமையாக இருக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்தப் பொறாமைதான் ஒருநாள் வாய்வழியாக வந்தது. சேணங்கள் மாட்டியிருக்கும் அறைக்குப் பின்னால் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லாடக்காரன் அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடுவான்; அவரை மாமா என்பான். அவன்தான் கிளப்பிவிட்டான்.

"என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு? மாமா மறுபடியும் சுவரைப் பாத்துட்டாரா?"

"அவருக்கென்னடா, சாம்பல்கிட்ட போய் 'நான்தான், நான்தான்'னு கொஞ்சறாரு. என்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பாரா? ராத்திரி பக்கத்துல வந்து படுக்கிறது மனுஷனா, தலைகாணியான்னு தடவிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அடுத்த பிறவியில நான் நாலு காலோட பொறந்து, புல்லு தின்னுக்கிட்டு நின்னாதான் என் புருஷன் என்கிட்ட பேசுவாரு!"

லாடக்காரனுக்கு டீ புரையேறிவிட்டது. தண்ணீர் பிடிப்பவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போதுதான் சுவர் ஓரத்தில் வாளியோடு அவர் நிற்பதை அவள் பார்த்தாள். அவர் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் சரி. மறுநாள் காலையில் அவர் ஒரு கொட்டடிக் கதவருகே நின்று "நான்தான்" என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து லாடக்காரன் பெண்குரலில், "வாங்க, வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான். லாயமே சிரித்தது. அடுத்த கொட்டடியில் தண்ணீர் பிடிப்பவர், "தலைகாணி வந்துடுச்சா?" என்றார். மறுபடி சிரிப்பு. விளையாட்டுக்குச் செய்ததுதான், யார் மனதிலும் விஷம் இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு மொத்தமே ஒரு சொல்தான் இருக்கும்போது, அதையும் எடுத்துப் பந்தாடினால் அவர் எங்கே போவார்?

அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

முதலில் அவள்தான் கவனித்தாள். காது அவளுக்கு வாயைப் போலவே நன்றாக வேலை செய்யும். அவர் ஒரு கொட்டடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார், கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது, குரல் கேட்கவில்லை. வாளியை லேசாகக் கதவில் இடிப்பார், செருமுவார், அதை வைத்துச் சமாளித்தார். கண் தெரிந்த குதிரைகள் சமாளித்துக்கொண்டன. சாம்பல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் காலில் விழாத குறையாகச் சொன்னாள். "நான் பேசினது தப்புதான். என்னைத் திட்டுங்க, நாலு அறை வேணாலும் அறைங்க. ஆனா குரல் கொடுக்காம உள்ள போகாதீங்க." முதுகு பதில் சொல்லவில்லை.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் சாம்பலின் கொட்டடிப் பக்கம் போவதைப் பார்த்தால், எங்கிருந்தாலும் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "ஏ சாம்பலு, இதோ வர்றாருடி! கதவுகிட்ட நிக்கறாரு பாரு!" சாம்பல் காதைத் திருப்பும். அவர் உள்ளே போவார். சில நாட்கள் இப்படி ஓடியது. லாடக்காரன் அதற்கும் சிரித்தான். "அக்கா மாமாவுக்கு மைக் செட் போட்டுடுச்சு!" அன்று சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில், அவர் அவள் பக்கம் திரும்பாமலே வாயைத் திறந்தார். அத்தனை நாளில் அவளிடம் பேசியது அது ஒன்றுதான்.

"எனக்காக நீ ஒண்ணும் கூவ வேண்டாம்."

சரி என்று விட்டாள். அவளுக்கும் ரோஷம் இருந்தது. எவ்வளவு நாள்தான் நான் மட்டும் இறங்கிப் போவது என்று மனதுக்குள் ஒரு கறுவல். பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவளை வாயை மூடு என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லியும் மூடாதவள். அவர் சொன்னதற்காக மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் இரண்டு கொட்டடி தள்ளிக் கவைக்கம்பால் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் தலைக்கயிற்றோடு நடைபாதையில் போனதைப் பார்த்தாள். சாம்பல் அன்று மூலையில் முகம் வைத்துப் புல் தின்றுகொண்டிருந்தது. குருட்டுக் கண் கதவுப் பக்கம். தாழ்ப்பாள் மெல்லத் திறந்தது. சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வைக்கோலைக் குத்தினாள்.

பிறகு கேட்டது தொப்பென்ற ஒரு சத்தம், மூட்டையைக் கீழே போட்டதுபோல. அதற்குமேல் பலகையில் குளம்பு மோதும் சத்தம், மறுபடியும், மறுபடியும்.

லாயத்தில் ஓடக் கூடாது. அவரே சொல்லிக்கொடுத்தது. அவள் ஓடவில்லை. நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள். "ஒண்ணுமில்ல சாம்பலு, ஒண்ணுமில்லடி, நான்தான், நான்தான்." சாம்பல் மூலையில் ஒடுங்கி, கண் வெள்ளை தெரிய, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நின்றது. அதன் பின்னங்காலுக்கும் பலகைக்கும் நடுவே அவர் கிடந்தார். தோள் பக்கமாகப் போய், கழுத்தில் கை வைத்து, குதிரையை அந்தப் பக்கம் நகர்த்தின பிறகுதான் அவளால் கணவரைப் பார்க்க முடிந்தது. அவர் கண் திறந்திருந்தது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். தண்டுவடத்தின் அடிப்பகுதியும் போய்விட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. இனி எழுந்து நடக்க முடியாது, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது.

மேனேஜர் எல்லாரையும் சேண அறையில் கூட்டினார். கெட்டவர் இல்லை, ஆனால் பிள்ளைகள் வந்து போகிற இடம், பெற்றவர்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "அவர் குரல் கொடுத்துட்டு உள்ள போனாரா, இல்லையா? கொடுக்காம போயிருந்தா, குதிரை பயந்து உதைச்சிருக்கு, அது தப்பு இல்ல. வயசான குதிரைங்களை வெச்சுக்கற பண்ணைக்கு அனுப்பிடலாம். குரல் கொடுத்தும் உதைச்சிருந்தா அது குணம் மாறிப்போன குதிரை. பண்ணையிலயும் எடுக்க மாட்டாங்க. ஊசி போட்டு முடிச்சுட வேண்டியதுதான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரு எப்பவும் கூப்பிட்டுட்டுத்தான் சார் போவாரு," என்றார் தண்ணீர் பிடிப்பவர். "நம்ம எல்லாருக்கும் தெரியுமே," என்றான் லாடக்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சொல்லை வைத்து அத்தனை நாள் சிரித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கூப்பிடவில்லை என்றால் ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வி வரும்; அந்தக் கேள்வி தங்கள் வாசலில் வந்து நிற்கும். மேனேஜர் அவளைப் பார்த்தார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களேம்மா?" அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று அவரே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கணவரிடமும் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

வெளியே வந்ததும் அவள் லாடக்காரனை மடக்கினாள். "டேய், நீதானே 'வாங்க வாங்க'ன்னு கத்தின? அதுக்கப்புறம் அவர் குரலை நீ கேட்டியா?"

"அக்கா, அதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" கண் கலங்கியிருந்தது அவனுக்கு. "மாமாவே கூப்பிட்டேன்னு சொல்றாரு. நான் யாரு அவரைப் பொய்யராக்க?"

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க. சாம்பலுக்கு நாள் குறிச்சுட்டாங்க."

அவர் கண்ணோரத்தில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கம் இறங்கியது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அன்னைக்கு மறந்துபோய்க் கூப்பிடாம போயிட்டேன்னு சொல்லுங்க. அவளைப் பண்ணைக்கு அனுப்பிடுவாங்க."

"கூப்பிட்டேன்."

"நான் அங்கதாங்க இருந்தேன்."

"கூப்பிட்டேன்னா கூப்பிட்டேன்."

"அவ உங்க நெஞ்சுல தலையை வெச்சுக்கிட்டு நின்னவ. உங்களுக்கு மனசு வருதா?"

அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினார். "கூப்பிடலைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்ற? காலமெல்லாம் இதே வேலை பாத்தவன், நாலு பேர் கேலி பண்ணாங்கன்னு வாயை மூடிக்கிட்டு உள்ள போய் உதை வாங்கினேன்னா? சிரிப்பாங்க. இப்படிக் கிடக்கறப்பவும் சிரிப்பாங்க. சாம்பலுக்கு வயசாயிடுச்சு. எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கு?"

"யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க சொல்ல வேண்டாம், நான் போய்ச் சொல்றேன். என் வாயாலதானே வந்தது, என் வாயாலயே..."

அவர் அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என்னைப் பத்தி நீ நாலு பேர்கிட்ட பேசினது போதும்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்தாள். சாம்பலைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாயைத் திறந்தால், படுத்த படுக்கையில் கிடக்கும் மனிதனை ஊரறியப் பொய்யர் என்றும் கோழை என்றும் ஆக்க வேண்டும். முதலில் பேசியபோது அது வேடிக்கை. இப்போது தெரிந்தே செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒன்றும் அறியாத வாயில்லா ஜீவன் சாகும். இப்படி ஒரு கணக்கை எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ, அவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. திரும்பி நடந்தாள்.

குறித்த நாளில் டாக்டரம்மா பையோடு வந்தார். பல வருஷமாக அந்த லாயத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். கொட்டடிகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டின வெட்டவெளியில் இடம் பார்த்திருந்தார்கள். சாம்பலைப் பிடித்து வர யாரும் முன்வரவில்லை. உதைக்கிற குதிரை ஆயிற்றே என்று பயம்; அப்படிப் பயப்படுவதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இருந்தது. அவள் கயிற்றை எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவளைத் தொட்டி ஓரமாகத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கு மனசு ஒப்பலைம்மா. இந்தக் குதிரையை எனக்குத் தெரியும். அவர் நிஜமாவே குரல் கொடுத்தாரா? நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பையை மூடிக்கிட்டுப் போயிடறேன். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

வாயாடி வாயைத் திறந்தாள். எதிரே சற்றுத் தள்ளி லாடக்காரனும் தண்ணீர் பிடிப்பவரும் மேனேஜரும் நின்றிருந்தார்கள். எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள்.

"குடுத்தாரு," என்றாள்.

டாக்டரம்மா தலையசைத்துவிட்டுப் பையைத் திறந்தார். அவர் குனிந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. "இடது பக்கமா வராதீங்க, டாக்டரம்மா. அந்தக் கண்ணு அவளுக்குத் தெரியாது. வந்தா குரல் கொடுத்துட்டு வாங்க. பயந்துக்குவா."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அன்று யாரும் குரல் கொடுக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அதற்குமேல் தோண்ட அவராலும் முடியவில்லை.

கொட்டடியில் சாம்பல் மூலையைப் பார்த்து நின்றது. அந்த நாளிலிருந்து யாரும் உள்ளே போய்த் தேய்த்துவிடவில்லை. முதுகில் வைக்கோல் தூசு படிந்திருந்தது. அவள் கதவருகே நின்றாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவளுடைய வழக்கமான பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. பேசாமல் உள்ளே போகவும் முடியாது. கடைசியில் அவருடைய சொல்லைத்தான் எடுத்தாள், அவரைப் போலவே அடித்தொண்டையில். "நான்தான்." காது திரும்பியது. "நான்தான்டி." சாம்பல் மெல்லத் திரும்பி வந்து, தலையைத் தாழ்த்தி, அவள் மார்பில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது.

வழியெல்லாம் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு நடத்திப்போனாள். அது ஒரு முரண்டும் பண்ணவில்லை. ஊசி இறங்கும்போதும் அவள் அதன் காதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான், நான்தான். முழங்கால் மடிந்து அந்தப் பெரிய உடம்பு சாயும்போது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் விடவேண்டும் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவர் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். முன்னறை குறுகலானது, கட்டிலை ஒரே மாதிரிதான் போட முடிந்தது, தலைமாடு வாசல் பக்கம். அதனால் யார் உள்ளே வந்தாலும் அவருக்குத் தெரியாது. அவள் அதே லாயத்தில் வேலையைத் தொடர்ந்தாள். வேறு வழி இல்லை. இப்போது அங்கே யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஒவ்வொருவரும் தொண்டை கிழியக் குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அவள் நாக்கைச் சொடுக்குவதோடு சரி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, இந்த அம்மாவுக்கு யார் வாயாடி என்று பேர் வைத்தது, கிண்டலுக்கா என்று கேட்டாளாம்.

முன்பெல்லாம் தெருமுனையிலேயே பேச்சை ஆரம்பித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவள், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, வாயில் ஒன்றும் வரவில்லை. அவள் நிழல் திடீரென்று மேலே விழும்போது அவர் தூக்கிவாரிப் போட்டதுபோல் அதிர்வார். கையில் இருக்கும் தம்ளர் கீழே விழும். ஒருதடவை பதறி வீசிய கை அவள் கன்னத்தில் பட்டது. "யாரு?" என்று கேட்பார். "வேற யாரு வரப்போறா?" என்பாள். அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அதேபோல் அதிர்ந்தவர், மூச்சு அடங்கியதும் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உள்ள வரும்போது ஒரு குரல் கொடுத்துட்டு வந்தா என்ன? நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

அவள் தம்ளரைப் பொறுக்கி எடுத்து, சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"அந்த வார்த்தையைச் சாம்பல்கிட்ட சொல்லிட்டேன். அவளுக்கு அதுதான் கடைசி."

அவர் முகம் கோணியது. அந்தக் காலத்து வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். கழுத்து திரும்பியது, தோள் கொஞ்சம் எழும்பியது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அப்படியே பாதியில் நின்று திணறினார். அவளைக் கூப்பிடவும் இல்லை.

அவள் பின்னாலிருந்து வராமல், அவருக்குத் தெரியும்படி சுற்றிக்கொண்டு தோள் பக்கமாக வந்தாள். ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.